இலாப நோக்குள்ள மருத்துவமனைகளில் ரெசிடென்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு (மருத்துவப் பட்டத்துக்குப் பிந்தைய துறைப் பயிற்சிக்கு) விண்ணப்பிக்கும் தமிழ் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சில ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே விதமான ஐயங்களை என்னிடம் கேட்டு வருகின்றனர். நேர்காணலுக்கு அழைத்த மருத்துவமனை பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானது என்று தெரிந்ததும் சிலர் அஞ்சி விலகுகிறார்கள். வேறு சிலர் எதையும் விசாரிக்காமல் ஒப்புக்கொண்டு பின்னர் தவிக்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். விசா விதிகளும் கடன் விதிகளும் அடிக்கடி மாறுபவை ஆதலால், கையெழுத்திடும் முன் அன்றைய நிலையை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனை என்றாலே இலாபத்துக்குத்தானே? இதில் "இலாப நோக்குள்ள" என்று தனியாக ஏன் சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே பொதுமக்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் பாதிக்கும் மேற்பட்டவை தனியாருடையவை, ஆனால் இலாப நோக்கற்றவை. வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின்கீழ் வரிவிலக்குப் பெறும் இவற்றில் மிஞ்சும் பணத்தை எந்தப் பங்குதாரருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மருத்துவமனைகள் இலாப நோக்குள்ளவை. இவை வரி கட்டுகின்றன, உரிமையாளருக்கோ பங்குதாரருக்கோ ஈவு தருகின்றன. எஞ்சியவை மாநில, உள்ளாட்சி அரசுகளின் கையில் உள்ளன.

இலாப நோக்குள்ளவற்றுள் மிகப் பெரியது 1968இல் நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்ட எச்சிஏ ஹெல்த்கேர். டெனெட், யுனிவர்சல் ஹெல்த் சர்வீசஸ் ஆகியவையும் பெரிய நிறுவனங்களே. முதலீட்டு நிறுவனங்கள் வாங்கி நடத்தும் மருத்துவமனைகளும் இந்த வகையில் சேரும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு வரும் சில சிக்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ரெசிடென்ட் என்பவர் மாணவரா, ஊழியரா?

இரண்டும்தான். மருத்துவப் பட்டம் பெற்ற பிறகு, மேற்பார்வையின்கீழ் நோயாளிகளைக் கவனித்தபடியே ஒரு துறையைக் கற்பவர் ரெசிடென்ட். பொது மருத்துவத்துக்கு மூன்று ஆண்டுகள், நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு ஏழு ஆண்டுகள் என்று துறைக்கேற்பக் காலம் மாறும். முதலாண்டுச் சம்பளம் பெரும்பாலும் 60,000 முதல் 70,000 டாலர் வரை இருக்கும். நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற விதி 2003 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது.

சட்டத்தின் பார்வையில் ஊழியர் என்ற பக்கமே வலுவாக இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளின் ரெசிடென்ட்டுகள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1999இல் பாஸ்டன் மெடிக்கல் சென்டர் வழக்கில் முடிவு செய்தது. அவர்கள் சமூகப் பாதுகாப்பு வரி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் மேயோ வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் "முதலாளி" என்ற இடத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பது வெறும் அலுவலக விவரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இலாபம் பார்க்கிற நிறுவனத்துக்கு அரசாங்கம் ஏன் பயிற்சிப் பணம் கொடுக்கிறது?

ரெசிடென்ட் பயிற்சிக்குப் பெரும்பங்கு பணம் தருவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர். 1965இல் அது உருவானபோதே, சமூகம் வேறு வழியைக் கண்டுபிடிக்கும் வரை பயிற்சிச் செலவில் தன் பங்கை ஏற்கும் என்ற எண்ணத்துடன் தொடங்கியது. அந்த வேறு வழி இன்றுவரை வரவில்லை. பணம் இரண்டு தலைப்புகளில் போகிறது. ரெசிடென்ட்டின் சம்பளம், கற்பிப்பவரின் ஊதியம் போன்றவற்றுக்கான நேரடித் தொகை ஒன்று. பயிற்சி மருத்துவமனைகளில் சிகிச்சைச் செலவு கூடுதலாக ஆகிறது என்பதற்காக ஒவ்வொரு மெடிகேர் உள்நோயாளிக்கும் சேர்த்துத் தரப்படும் மறைமுகத் தொகை மற்றொன்று.

இந்தக் கணக்கில் மருத்துவமனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே வருவதில்லை. எத்தனை ரெசிடென்ட்டுகள், எத்தனை படுக்கைகள், மெடிகேர் நோயாளிகளின் பங்கு எவ்வளவு என்பவையே பார்க்கப்படுகின்றன. மத்திய அரசின் துறைகளும் வருமானம் குறைந்தோருக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டின் மாநில அமைப்புகளும் சேர்ந்து 2015ஆம் ஆண்டில் மட்டும் பயிற்சிக்காக 1,630 கோடி டாலருக்கு மேல் செலவிட்டதாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு கணக்கிட்டது.

1997இலேயே இடங்களுக்கு உச்சவரம்பு போட்டுவிட்டார்களே, அப்புறம் இவர்களுக்கு மட்டும் புதிய இடங்கள் எப்படிக் கிடைத்தன?

நல்ல கேள்வி, விடை அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1997ஆம் ஆண்டின் வரவுசெலவுச் சமநிலைச் சட்டம், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மெடிகேர் பணம் தரும் ரெசிடென்ட் எண்ணிக்கையை ஏறத்தாழ 1996இல் இருந்த அளவிலேயே நிறுத்திவிட்டது. ஆனால் அதுவரை ரெசிடென்ட்டுகளையே வைத்திராத மருத்துவமனை பயிற்சியைத் தொடங்கினால், அதற்கென்று புதிதாக ஒரு உச்சவரம்பு வகுக்கப்படும். அதை வளர்த்துக்கொள்ள முதலில் மூன்றாண்டு அவகாசம் இருந்தது. 2012 அக்டோபருக்குப் பின் பயிற்சியைத் தொடங்கியவற்றுக்கு அது ஐந்தாண்டாக நீண்டது. ஐந்தாம் ஆண்டில் எட்டிய அளவைக் கொண்டு வரம்பு நிலைபெற்றுவிடும்.

பழைய பல்கலைக்கழக மருத்துவமனைகள் தங்கள் வரம்பைத் தொட்டுவிட்ட நிலையில், ஃபுளோரிடா, டெக்சஸ், நெவாடா போன்ற வேகமாக வளரும் மாநிலங்களில் பயிற்சியே இல்லாத மருத்துவமனைகளைப் பெருமளவில் வைத்திருந்தவை இலாப நோக்குள்ள நிறுவனங்கள். வாசல் அவர்களுக்குத் திறந்திருந்தது, நுழைந்தார்கள். கடந்த பத்தாண்டுகளில் எச்சிஏ நாட்டிலேயே மிக அதிக ரெசிடென்சித் திட்டங்களை நடத்தும் நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: பழைய வரம்பை உயர்த்தி நாடு முழுமைக்குமாக 1,000 இடங்களைச் சேர்ப்பதற்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு 2020ஆம் ஆண்டின் இறுதிவரை பிடித்தது, அதையும் ஆண்டுக்கு 200க்கு மிகாமல்தான் தருகிறார்கள்.

அப்படியானால் ரெசிடென்ட்டுகளை வைத்து இலாபம் சம்பாதிக்கிறார்கள் என்பது உண்மைதானே?

வரவும் உண்டு, செலவும் உண்டு. சம்பளம், காப்பீடு, திட்ட இயக்குநரின் ஊதியம், கற்பிக்கும் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்காமல் செலவிடும் நேரம் எல்லாம் சேர்ந்து ஒரு ரெசிடென்ட்டுக்கு ஆகும் தொகை அவருடைய சம்பளத்தைவிட மிக அதிகம். மறுபுறம், இரவு இரண்டு மணிக்கு ஆறாவது மாடியில் ஒரு நோயாளிக்கு நெஞ்சு வலி என்று செவிலியர் அழைத்தால், ஓடிப் போய் ஈசிஜி எடுத்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து, மூத்த மருத்துவரை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் ரெசிடென்ட்டே. அந்த இரவுப் பணிக்கு முழுத் தகுதி பெற்ற மருத்துவர் ஒருவரை நியமித்தால் ரெசிடென்ட்டின் சம்பளத்தைப் போல் சில மடங்கு தர வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆதாயம் ஆள்சேர்ப்பில் கிடைக்கிறது. ரெசிடென்சி முடித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே தொழில் நடத்துகிறார்கள். மூன்றாண்டுகள் தன் கணினி முறையையும் நடைமுறைகளையும் பழகிய ஒருவரைப் பணியில் சேர்ப்பது, வெளியே தேடி அலைவதைவிட நிறுவனத்துக்கு மலிவானது.

இலாபம் வருகிறது என்பதற்காக நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். இலாப நோக்கற்ற பெரிய மருத்துவமனைகளும் இதே கணக்கைப் போட்டுத்தான் இடங்களைக் கூட்டுகின்றன. என் மனக்குறை சட்டத்தின் மீது: மறைமுகத் தொகையாக வாங்கிய பணத்தைக் கற்பித்தலுக்கே செலவிட்டோம் என்று காட்ட வேண்டிய கட்டாயம் எந்த மருத்துவமனைக்கும் இல்லை. பங்குதாரருக்குக் காலாண்டுதோறும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இந்த ஓட்டை கூடுதலாக உறுத்துகிறது.

பயிற்சியின் தரத்தை யார் பார்க்கிறார்கள்? அந்த நிறுவனமே தனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறதா?

இல்லை. ஏசிஜிஎம்இ என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் அங்கீகார அமைப்பு 1981இல் தோன்றியது. அமெரிக்க மருத்துவப் பட்டத்தின் இன்னொரு பிரிவான ஆஸ்டியோபதியின் திட்டங்களும் 2020 முதல் அதன்கீழ் வந்துவிட்டன. எந்த உரிமையாளராயினும் விதி ஒன்றே. உதாரணமாக, பொது அறுவை சிகிச்சை ரெசிடென்ட் பயிற்சி முடிப்பதற்குள் குறைந்தது 850 பெரிய அறுவை சிகிச்சைகளைச் செய்திருக்க வேண்டும், அவற்றுள் 200 கடைசி ஆண்டில் செய்தவையாக இருக்க வேண்டும். அவசர மருத்துவத்தில் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது மட்டும் குறைந்தது 35 முறை. ஒவ்வொன்றையும் ரெசிடென்ட் தம் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

ஆண்டுதோறும் ரெசிடென்ட்டுகளிடம் பெயர் வெளிவராதபடி கருத்துக் கேட்கிறார்கள். திட்டத்தின் நிலை தொடக்க அங்கீகாரமா, தொடர் அங்கீகாரமா, எச்சரிக்கையுடன் கூடியதா, தகுதிகாண் நிலையா என்பதை ஏசிஜிஎம்இ இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன்: இந்த விதிகள் குறைந்தபட்சத் தரத்துக்கு மட்டுமே உறுதி அளிக்கின்றன. அதற்கு மேல் நன்றாகக் கற்பிக்கிறார்களா என்பதை நீங்கள்தான் விசாரித்து அறிய வேண்டும்.

பல்கலைக்கழக மருத்துவமனையைவிட இங்கே கற்பது குறைவாக இருக்குமா?

சில விஷயங்களில் குறைவு, சிலவற்றில் கூடுதல். இது பெரும்பாலும் உரிமையாளரைவிட மருத்துவமனையின் வகையைப் பொறுத்தது. இலாப நோக்குள்ள திட்டங்களில் பெரும்பாலானவை சமூக மருத்துவமனைகளில் நடப்பவை. அங்கே உறுப்பு மாற்று சிகிச்சை, அரிய ரத்தப் புற்றுநோய் போன்றவை அதிகம் கண்ணில் படா. ஆராய்ச்சிக்கு வழிகாட்டுபவர்கள் குறைவு. இதய நோய், இரைப்பைக் குடல் நோய் போன்ற போட்டி மிகுந்த துறைகளில் ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பின் பெறும் உட்துறைப் பயிற்சி) விரும்புபவருக்கு இது உண்மையான குறைதான்.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்து ரத்தக்குழாய் வழியாக மையக் குழாய் செலுத்த வேண்டிய நேரத்தில், பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபெலோ முன்னே நிற்பார், ரெசிடென்ட் பின்னால் நின்று அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஃபெலோவே இல்லாத சமூக மருத்துவமனையில் அந்த ஊசி ரெசிடென்ட்டின் கையில் இருக்கும், மூத்த மருத்துவர் பக்கத்தில் நிற்பார். கைத்திறன் வளர்வது இப்படித்தான். இதே காட்சியில் மூத்த மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் போனால் அது பயிற்சி ஆகாது, ஆள் பற்றாக்குறையை ரெசிடென்ட்டைக் கொண்டு நிரப்புவதாகும். இரண்டில் எது நடக்கிறது என்பதை அங்கு இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவரிடம் தனியாகக் கேளுங்கள். துறை நிபுணர் சான்றுக்கான வாரியத் தேர்வின் தேர்ச்சி விழுக்காட்டையும் பாருங்கள். பொது மருத்துவத்துக்கு அது திட்டவாரியாகவே வெளியிடப்படுகிறது.

திட்டம் புதிது. இன்னும் ஒரு குழுகூட முடித்து வெளியே வரவில்லை. சேரலாமா?

சேரலாம். தேர்ச்சி விழுக்காடு இராது என்பதால் வேறு சான்றுகளைப் பார்க்க வேண்டும்: திட்ட இயக்குநர் இதற்கு முன் எங்கே கற்பித்தார், தொடங்கியதிலிருந்து இயக்குநர் எத்தனை முறை மாறினார், முதல் குழுவில் இடையில் விலகியவர் உண்டா. இயக்குநர் அடிக்கடி மாறும் புதிய திட்டத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

எமர்ஜென்சி மெடிசினில் இடங்கள் காலியாகக் கிடந்ததற்கு இவர்கள்தான் காரணம் என்கிறார்களே?

ஒரு பங்கு உண்டு. மாணவர், மருத்துவமனை ஆகிய இரு தரப்பின் தரவரிசைப் பட்டியல்களையும் பொருத்தி இடம் ஒதுக்கும் தேசிய மேட்ச் முறையில், அவசர மருத்துவத்தில் 2022இல் 219 இடங்களும், 2023இல் 554 இடங்களும் நிரம்பாமல் நின்றன. அதற்கு முன் அது எளிதில் நிரம்பும் துறை. 2030இல் அவசர மருத்துவர்கள் ஏறத்தாழ 7,800 பேர் தேவைக்கு மேல் இருப்பார்கள் என்று 2021இல் ஓர் ஆய்வு கணித்தது மாணவர்களைக் கலங்க வைத்தது. கோவிட் காலத்தின் களைப்பும், நெரிசலான அவசரப் பிரிவுகளும், வேலை தரும் ஒப்பந்த நிறுவனங்கள் மீதான வெறுப்பும் சேர்ந்துகொண்டன. 2024இல் காலியிடம் 135ஆகக் குறைந்தது.

அவசரப் பிரிவு வருமானம் தரும் பிரிவு. ஆகையால் மருத்துவமனைகள், குறிப்பாக இலாப நோக்குள்ளவை, அந்தத் துறையில் விரைவாகத் திட்டங்களைத் தொடங்கின. எந்தத் துறைக்கு எத்தனை மருத்துவர் தேவை என்று நாட்டளவில் திட்டமிடும் அமைப்பு எதுவும் அமெரிக்காவில் இல்லை. மருத்துவமனையின் தேவையே எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. இது கவலைப்பட வேண்டிய நிலை என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனக்கு எச்-1பி விசாவில் ரெசிடென்சி செய்ய வேண்டும். இங்கே கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. காரணம் முதல் விடையில் சொன்ன வரி நிலைதான். ஆண்டுக்கு 85,000 என்ற எச்-1பி உச்சவரம்பிலிருந்து பல்கலைக்கழகங்களும், அவற்றுடன் இணைந்த இலாப நோக்கற்ற அமைப்புகளும், இலாப நோக்கற்ற அல்லது அரசு ஆராய்ச்சி நிறுவனங்களும் விலக்குப் பெறுகின்றன. இலாப நோக்குள்ள மருத்துவமனை தானே முதலாளியாக இருந்தால் பொதுவாகக் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். குலுக்கலில் வென்றாலும் வேலை தொடங்கும் நாள் அக்டோபர் 1, ரெசிடென்சியோ ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பித்துவிடும். மேலும், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற 2025 செப்டம்பர் அறிவிப்பும் வந்திருக்கிறது.

ஆகவே இங்கே வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான வழி பெரும்பாலும் பயிற்சிக்கு வருவோருக்கான ஜே-1 விசா. அதில் பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. மருத்துவர் குறைவாக உள்ள பகுதியில் மூன்றாண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டால், மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் என்ற கான்ராட் திட்டத்தின்கீழ் அந்த நிபந்தனை தளர்த்தப்படும். அப்படி வருபவர்களுக்கு எச்-1பி உச்சவரம்பு பொருந்தாது.

என் மகள் அமெரிக்காவிலேயே கடன் வாங்கிப் படித்தவள். விசா பிரச்சினை இல்லை. அவளுக்கு என்ன வித்தியாசம்?

பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. அரசிலோ 501(சி)(3) நிறுவனத்திலோ முழுநேரப் பணியில் இருந்தபடி 120 மாதத் தவணைகள் கட்டினால் மீதிக் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் பொதுச்சேவைத் திட்டம் 2007 முதல் இருக்கிறது. சம்பளம் குறைவான ரெசிடென்சிக் காலத்தில் கட்டும் சிறிய தவணைகளும் இந்தக் கணக்கில் சேரும் என்பதே அதன் பெரும்பயன். இலாப நோக்குள்ள மருத்துவமனை முதலாளியாக இருந்தால் அந்த மாதங்கள் சேரா. மூன்றாண்டுப் பயிற்சியில் 36 தவணைகள், ஐந்தாண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சியில் 60. இரண்டு லட்சம் டாலர் கடன் உள்ளவருக்கு இது பெருந்தொகை.

மருத்துவமனை கம்பெனிக்குச் சொந்தம், ஆனால் திட்டத்தை நடத்துவது பல்கலைக்கழகம் என்றால் எந்தப் பக்கம் கணக்கு?

சம்பளம் கொடுப்பவர் பக்கம். இரண்டாம் கேள்வியில் ஒப்பந்தத்தில் உள்ள பெயரை நான் வலியுறுத்தியது இதற்காகத்தான். வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனை யுனிவர்சல் ஹெல்த் சர்வீசஸுக்குச் சொந்தமானது, ரெசிடென்ட்டுகளுக்கு முதலாளியோ பல்கலைக்கழகம். அவர்கள் 2023இல் சங்கம் அமைத்தபோது பேச்சுவார்த்தை நடத்தியதும் பல்கலைக்கழகத்துடன்தான். ஆண்டு இறுதியில் வரும் டபிள்யூ-2 வரிப் படிவத்தில் எந்த நிறுவனத்தின் அடையாள எண் இருக்கும் என்று நேர்காணலிலேயே கேட்கலாம். அதை வைத்துக் கடன் தள்ளுபடித் தகுதியை அரசு இணையதளத்தில் சோதிக்க முடியும்.

பாதியில் மருத்துவமனையை மூடிவிட்டால் என்ன ஆவோம்?

இது கற்பனைப் பயம் அன்று. பிலடெல்பியாவின் ஹானமன் பல்கலைக்கழக மருத்துவமனையை டெனெட் நிறுவனத்திடமிருந்து 2018 ஜனவரியில் ஒரு முதலீட்டாளரின் நிறுவனம் வேறொரு மருத்துவமனையுடன் சேர்த்து 17 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 26ஆம் தேதி மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. சில நாட்களில் திவால் மனு. முதலாண்டு ரெசிடென்ட்டுகள் அப்போதுதான் வெள்ளைக் கோட்டு அணிந்து வேலையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். 570க்கும் மேற்பட்ட ரெசிடென்ட்டுகளும் ஃபெலோக்களும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. ஜே-1 விசாவில் இருந்தவர்களுக்கு இடம் கிடைக்காவிட்டால் நாட்டிலேயே இருக்க முடியாது என்ற அச்சம் வேறு.

அதன்பின் நடந்தது என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. மெடிகேர் பணம் பெறும் பயிற்சி இடங்களையே சொத்தாகக் கருதி ஏலம் விட்டார்கள்; உள்ளூர் மருத்துவமனைகளின் கூட்டணி 5.5 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது. பொதுப் பணத்தில் நடக்கும் இடங்களை விற்க முடியாது என்று மத்திய அரசு எதிர்த்து வழக்காட, விற்பனை நிறைவேறாமல் போனது. அத்துடன், அங்கு பணியாற்றிய காலத்துச் சிகிச்சை குறித்துப் பின்னாளில் வழக்கு வந்தால் காக்கும் தொடர் காப்பீடு தங்களுக்கு இல்லை என்பதையும் ரெசிடென்ட்டுகள் அப்போதுதான் அறிந்தார்கள். அது தீர அடுத்த ஆண்டு ஆயிற்று.

இப்போது விதிகள் ஓரளவு மேம்பட்டிருக்கின்றன. மூடல் பகிரங்கமாக அறிவிக்கப்படும் நாளிலேயே இடம்பெயர்ந்த ரெசிடென்ட் என்ற தகுதி கிடைக்கிறது, மெடிகேர் பணமும் அவரை ஏற்கும் மருத்துவமனைக்குப் பின்தொடரலாம். இருந்தாலும் ஒப்பந்தத்தில் தொடர் காப்பீடு பற்றிய வாசகத்தைத் தேடிப் படியுங்கள். அது இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இலாப நோக்கற்ற இடத்தில் சேர்ந்தால் இந்தப் பயமே இல்லையா?

அப்படியும் இல்லை. அதே ஹானமன் 1998இல் அலிகெனி என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் கையில் இருந்தது. அது 130 கோடி டாலர் அளவிலான கடனுடன் திவாலானதால்தான் டெனெட்டின் கைக்கே மருத்துவமனை போனது. ஆனால் முதலீட்டு நிறுவனங்கள் கட்டடத்தையும் நிலத்தையும் மருத்துவமனையிலிருந்து பிரித்து வேறு பெயரில் வைக்கும் வழக்கம் உண்டு. ஹானமனிலும் அப்படித்தான் செய்தார்கள். 2024 மே மாதம் திவாலான ஸ்டூவர்ட் நிறுவனமும் தன் மருத்துவமனைகளின் நிலங்களை முன்பே விற்றுவிட்டு வாடகை கட்டிக்கொண்டிருந்தது. நிலம் யாருக்குச் சொந்தம் என்பது ரெசிடென்ட் கேட்கத் தகாத கேள்வி என்று நினைக்க வேண்டாம்.

முடித்த பிறகு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று கையெழுத்து வாங்குவார்களா?

பயிற்சியின் நிபந்தனையாக வாங்க முடியாது. வேறிடத்தில் தொழில் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழியை ரெசிடென்ட்டிடம் கேட்கக் கூடாது என்பது ஏசிஜிஎம்இ விதி. ஆனால் பயிற்சியின் இடையிலேயே வேலை ஒப்பந்தத்தை முன்கூட்டித் தந்து, கூடவே மாத உதவித்தொகையும் தருவதாகச் சொல்லும் வழக்கம் உண்டு. அது தனி ஒப்பந்தம்; அதில் போட்டித் தடையும் பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையும் இருக்கலாம். ஒரு வழக்குரைஞரிடம் காட்டாமல் அதில் கையெழுத்திட வேண்டாம்.

மேட்ச் ஆன பிறகுதான் இதெல்லாம் தெரிந்தது. இப்போது விலகலாமா?

மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். விலக வேண்டுமென்றால் மேட்ச் அமைப்பிடம் விலக்குக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவமனை தானாக விடுவிக்க முடியாது. ஒப்புதலின்றி விலகினால் பின்வரும் ஆண்டுகளில் பங்கேற்கத் தடை வரலாம். பணியில் சேர்ந்து 45 நாட்களைக் கடந்தால் மேட்ச் கடமை நிறைவேறியதாகக் கொள்ளப்படும், அதற்குப் பின் விலகுவது வேலை ஒப்பந்தத்தின் விதிகளைப் பொறுத்தது.

மேட்ச் விதிகளின்படி, தரவரிசைப் பட்டியலுக்கான கடைசி நாளுக்கு முன்பே மருத்துவமனை தன் ஒப்பந்தத்தை, அல்லது அதன் மாதிரியை, நேர்காணலுக்கு வந்தவருக்குத் தர வேண்டும். முதலாளியின் பெயர், விசா வகை, தொடர் காப்பீடு, மூடல் நேர்ந்தால் செய்யப்படும் ஏற்பாடு ஆகிய நான்கையும் அதில் பார்த்த பிறகே அந்தத் திட்டத்தைப் பட்டியலில் எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்யுங்கள். மாதிரி ஒப்பந்தம் வரவில்லை என்றால் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பது உங்கள் உரிமை.